பன்னிரண்டு வலது கால்கள்

"உண்மையை மட்டுந்தான் எழுதோணும். பொய் எழுதினது தெரிஞ்சுது, மைதானத்தைப் பத்து சுத்து ஓட உட்டுருவேன்!"

கனகம் டீச்சர் அதட்டியதும் கோ-கோ டீம் பெண்கள் பன்னிரண்டு பேரும் பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, பேனாவும் கையுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

சைக்ளோஸ்டைல் எடுத்த ஃபாரங்களோடு காரமடைக்கு வந்திருந்தவள் ஃபஹீமா. கோயமுத்தூரில் பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள். ஒரு தடவை சுளுக்கிய கணுக்கால் சிலருக்கு முழுசாகக் குணமாகாமல் சும்மா சும்மா மடங்கிக்கொண்டே இருக்குமாம். பத்தே கேள்வியில் அதைக் கண்டுபிடித்துவிடலாமாம்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன் டீச்சர்."

"எனக்கெதுக்குங்க? நான் நல்லாத்தேன் இருக்கறேன்."

அரை மணி நேரத்தில் ஃபஹீமாவின் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், பன்னெண்டு பேருக்குமே மார்க் படுமோசம். இந்தக் காலோட இவங்களை வெள்ளிக்கிழமை காங்கேயம் மேட்சுக்கு அனுப்ப முடியாது."

கனகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிய டீம், இந்தத் தடவைதான் அரையிறுதிக்கு வந்திருக்கிறது. ஃபாரங்களை வாங்கிப் புரட்டினாள்.

எந்தக் கால் மடங்குகிறது? வலது. பன்னிரண்டு ஃபாரத்திலும் வலது.

எப்போது? மாடிப்படி இறங்கும்போது. அதுவும் பன்னிரண்டிலும்.

"காப்பி அடிச்சிருக்காளுக! அதுலயாவது ஒரு லட்சணம் வேண்டாமா? ஒருத்திகூடவா இடது கால்னு எழுதப்படாது?"

கோபத்தோடு தூணைப் பிடித்துக்கொண்டு வராந்தாப் படிகளில் இறங்கி மரத்தடிக்கு வந்தாள். ஃபஹீமாவும் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு பெண்ணின் காலாகப் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கனகம் பெண்களை முறைத்தாள். "ஏனுங்க அம்மணிகளா, காங்கேயம் போக அத்தனை பயமா? லோகப்பிரியா, நீதான கேப்டன்? நேத்து மாடியிலிருந்து ரெண்டு ரெண்டு படியாத் தாவி இறங்குனியே, உனக்கா கால் மடங்குது?"

"இல்லைங்க மிஸ்."

"அப்ப எழுதுனது பொய்யி?"

"பொய் இல்லைங்க மிஸ்."

பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கனகத்துக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் ஃபஹீமா கடைசிக் காலையும் பார்த்து முடித்து நிமிர்ந்தாள். "யாருக்கும் ஒரு பழுதும் இல்லை டீச்சர். தாராளமா விளையாடலாம்."

போன உயிர் திரும்பி வந்தது கனகத்துக்கு.

"ஆனா, பத்தாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க."

இந்தக் கால் தொந்தரவால் நீங்கள் எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்?

லோகப்பிரியாவின் குண்டு எழுத்தில் பதில் இருந்தது. 'மிஸ் பிராக்டிஸில் எங்களோடு சேர்ந்து ஓடுவதை விட்டுவிட்டார்கள். ரெண்டு வருஷம் ஆகிறது.'

கனகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நிற்க ஒரு பிடிமானம் தேடிய கைக்கு, சென்னியம்மாள் என்ற பெண் ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

"ஹெச்.எம்.முக்குத் தெரிஞ்சா உங்களை வேற ஆளுகிட்டக் குடுத்துப்போடுவாங்கன்னு பயந்துட்டேன் கண்ணுகளா. எங்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா 'நல்லாத்தேன் இருக்கறேன்'ம்பீங்க மிஸ். அதான் உங்க ஃபாரத்தை நாங்களே எழுதிப்போட்டோம்."

ஃபஹீமா சிரித்தபடி கீழே உட்கார்ந்து, டீச்சரின் வலது கணுக்காலை மெதுவாக அழுத்திப் பார்த்தாள். "ஆறு வாரம் நான் சொல்ற பயிற்சியைச் செய்யுங்க டீச்சர். அப்புறம் நீங்களும் ஓடலாம்."

லோகப்பிரியா சட்டென்று சொன்னாள்.

"அப்ப ஏழாவது வாரம் பத்து சுத்துங்க மிஸ், பொய் சொன்னதுக்கு. நாங்களும் கூட ஓடி வாரோம்!"