நாற்பத்தொன்றாவது ஆள்

யுத்தத்தால் தரைப்பாதை மூடியிருந்த நாட்கள். திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படகு மட்டும்தான். படகுத்துறைக் கணினி, காலையில் மின்சாரம் வந்ததும் "நாற்பத்தொன்று" என்று அழைக்கும். படகில் இடம் நாற்பது பேருக்குத்தான். அந்த நேரத்தில் யாருக்கும் டோக்கன் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

கணினியைப் பராமரிக்கும் குணரத்தினம் அதன் இயங்குதளமான லினக்ஸைக் கிளறிப் பார்த்தான். டோக்கன் பதிவு தயாராகுமுன்னரே எண்ணைக் கூப்பிடும் அழைப்புச் சேவை முந்திக்கொண்டு எழும்பியது. பதிவு வரும்வரை காத்திரு என்று ஒரு வரி எழுதினான். துறை முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டான்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. தினமும் துறையின் வாங்குப் பலகையில் வந்து உட்காரும் உம்மு குல்சும் யன்னலடிக்கு வந்தாள்.

"தம்பி, இண்டைக்கு ஏன் கூப்பிடல்ல?"

"அது பிழை, உம்மா. திருத்திட்டன். இனிக் காத்திருக்கும்."

"என்ட மகன நாற்பத்தொண்டாவது ஆளாத்தான் ஏத்தினாங்க. அந்தப் படகு திரும்பி வரல்ல. இதில கூப்பிட்டா மட்டும் வருவான். அவன் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கிற?"

குணரத்தினம் வெட்கத்தில் குனிந்தபடியே அந்த வரியை அழித்து, கணினியை அணைத்துப் போட்டான். கணினி மீண்டும் எழுந்து, "நாற்பத்தொன்று" என்றது.

ஆளில்லாத வரிசையில், ஒவ்வொருவராக உள்ளே விடும் வாசலின் சுழல்கம்பி ஒருமுறை சுற்றி நின்றது. உம்மு குல்சும் வாங்குக்குப் போய், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். குணரத்தினம் தலை நிமிரவில்லை.