ஒரு விரற்கடை

காலை பதினோரு மணிக்குக் கரண்டு போய், காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் மின்விசிறியும் மோட்டார்களும் ஒருசேர அடங்கிக் கிடக்கின்றன. தேனம்மையும் மலையாண்டியும் இரண்டு வரைதாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பேட்டரி கெடும்போது முதலில் எகிறுவது சூடா, மின்னோட்டமா? அவள் கருவி மின்னோட்டத்தை வரைகிறது, அவன் கருவி சூட்டை. அவள் மூன்று வரை எண்ண, ஆளுக்கொரு பொத்தானை அமுக்கி இரண்டையும் அவர்கள் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். இன்று இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது கரண்டு வெட்டு. தாள்கள் ஒரே நீளம் இருக்கவேண்டும். சூட்டுத்தாள் ஒரு விரற்கடை குட்டையாக இருக்கிறது. அந்த இடைவெளியில் வெயில் பளீரென்று அடிக்கிறது. சூடுதான் முந்துகிறது என்று இருவர் பெயரும் போட்ட கட்டுரை நேற்றுத்தான் தபாலில் போயிருக்கிறது. அதில் சூடு முந்தியதே அரை விரற்கடைதான். “நான் எண்ணுறப்ப நீங்க எப்ப அமுக்குவீக?” என்கிறாள் தேனம்மை, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூணுன்னு நீங்க சொல்லி முடிச்சதும். நீங்க?” “மூணோடயே.” மலையாண்டி தன் கருவிக்குப் போய்ப் பொத்தானில் விரலை வைக்கிறான்; அவளும் தன் கருவியின் பொத்தானில் வைக்கிறாள். “எண்ணுங்க.” ஒன்றை லாபம் என்றே எண்ணிப் பழகிய வீட்டுப் பெண் அவள். “லாபம், ரெண்டு, மூணு.” ஒரு வருஷமாக மோட்டார் இரைச்சல் மூடிவைத்திருந்தது இப்போது இருவர் காதிலும் விழுகிறது. டக். டக்.