எல்லா வரியிலும் ஒரே பேர்

“ஸ்டானிஸ்லாஸ் பண்ண வேலையப் பாத்தியா? எந்த வரியப் பாத்தாலும் அவன் பேருதான் கீது!”

பாத்ரூமில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்த சங்கமித்ரா, டில்லிபாபு போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எந்த கன்டெய்னர் லாரி எந்த கேட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராம்தான் அவர்கள் பிழைப்பு. எல்லாரும் எழுதுவது சர்வரில் ஒன்றாகச் சேரும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் பேரையும் சர்வர் காட்டிக் கொடுத்துவிடும்.

நேற்று அந்தப் புரோகிராம், துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரிகளை மணலிக்கு அனுப்பிவிட்டது. சரக்கு ஏறாமலே கப்பல் கிளம்பிவிட்டது.

தப்பு எந்த வரியில் என்று காலையில் வந்ததுமே சங்கமித்ரா கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்தில் அவள் பேர் இருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. போன மாதம் இதே மாதிரி ஒரு தப்புக்கு, புதிதாக வந்த ஜெரியைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி ஹபீபுல்லா. அவர் இப்போது வந்துகொண்டிருக்கிறார். வியாசர்பாடி வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான்.

“இன்னாண்ணா ஆச்சு?” என்றாள்.

“நம்ம ஆபீஸ்ல பாதி மெஷின் விண்டோஸ், பாதி லினக்ஸ். ஒவ்வொரு வரி முடியிற எடத்துலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு இருக்கும்ல? அத ரெண்டும் வேற வேற மாதிரி போடுது. ஒரே பேஜாரு. ஞாயித்துக்கெயம யாரும் இல்லாதப்போ எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்திடலாம்னு பேசி வெச்சிருந்தோம். இவன் இன்னா பண்ணான்? யாருக்கும் சொல்லாம இன்னிக்கே மாத்திட்டான்!”

“அதனால?”

“நாம பாதில வெச்சிருந்த வேல ஒண்ணும் இப்ப சர்வர்ல சேர மாட்டேங்குது. அதுகூடப் போவட்டும். எல்லா வரியும் மாறிட்டதால, மொத்தத்தையும் இவனே எழுதின மாதிரி காட்டுது. சார் வர்ற நேரமாப் பாத்து பேர் தட்டிகினு போறான் பாரு!”

மூலையில் டீம் லீடர் ஸ்டானிஸ்லாஸ் நகத்தைக் கடித்தபடி மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு அல்பமா இந்த ஆள் என்று சங்கமித்ராவுக்கே தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க அவள் பயம் விடவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

“எந்த வரி தப்பு? காட்டு” என்றபடியே உள்ளே வந்தார் ஹபீபுல்லா.

டில்லிபாபு தேடி எடுத்துக் காட்டினான்.

“யார் பேர் போட்டிருக்கு?”

“ஸ்டானிஸ்லாஸ்னு இருக்கு சார். ஆனா இன்னிக்கு எல்லா வரியிலயுமே...”

“ஆனா ஆவன்னா எல்லாம் வேணாம். என்னடா ஸ்டானிஸ்லாஸ்?”

“என் பேர்தான் சார் இருக்கு” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

“புது ஆளா இருந்தா இந்நேரம் படி இறங்கியிருப்ப. சர்வரைப் பாத்துக்க வேற ஆள் இல்லைன்னு விடறேன். இனிமே டீம் லீடர் டில்லிபாபு. நீ அவன் சொல்றதைக் கேட்டு நட.”

‘நான்தான் சார்’ என்பது சங்கமித்ராவின் தொண்டை வரை வந்து நின்றது. அதற்குள் அவர் போய்விட்டார்.

“நல்லா வேணும்” என்று அவள் காதில் கிசுகிசுத்தான் டில்லிபாபு. “பேருக்கு அலைஞ்சான்ல? தப்பும் அவன் பேர்லயே வந்து வுயுந்துச்சு.”

அவன் டீ குடிக்கக் கீழே இறங்கியதும், அவள் ஸ்டானிஸ்லாஸிடம் ஓடினாள்.

“அண்ணா, அது நான் எழுதின வரி. நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன்.”

“கம்முனு ஒக்காரு.”

“இல்லண்ணா, மனசு கேக்கல. பேசி வெச்ச மாதிரி ஞாயித்துக்கிழமையே பண்ணியிருந்தா, உங்களுக்கு இந்தத் திட்டே கிடையாதே?”

ஸ்டானிஸ்லாஸ் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஞாயித்துக்கெயம வரைக்கும் வுட்டிருந்தா, இன்னிக்கு சார் கண்ணுல உன் பேருதான பட்டிருக்கும்?”