முழுதாக எழுதிய இனிஷியல்

ஆய்வேட்டை அனுப்ப இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. வீட்டுப் பேச்சையும் கேட்டு வைத்து, எந்த வரி யாருடையது என்று சரிபார்க்கும் மேற்கோள் கருவி, கோமளவல்லி எழுதிய ஒரு வாக்கியத்தை மட்டும் ஏற்கவே இல்லை: ‘தண்ணீர் வரும் நாள்தான் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை.’ அது கணவர் செங்கோடன் தோசை ஊற்றும்போது சொன்னதாம். அவர் ஆமாம் என்றால்தான் அனுப்பும்.

“ஏங்க, ஆமான்னு சொல்லித் தொலைங்க.”

“நான் பேசறது உன் காதுல விழுதா? பத்து வருசமா தெரியாமப் போச்சே,” என்று சிரித்தபடி கருவியிடம் குனிந்தார். “என்னோடது இல்லீங்க. எங்கப்பா இருந்தவரைக்கும், குடத்தைத் தூக்கும்போதெல்லாம் சொல்லுவாரு.”

கருவி அப்பாவின் பெயரைக் கேட்டது. செங்கோடன் கருவியை மனைவி பக்கம் நகர்த்தினார்.

கோமளவல்லியே தட்டினாள். இத்தனை காலம் கணவர் பெயருக்கு முன்னால் ‘மா.’ என்று ஒற்றை எழுத்தாக நின்றவரை, அடிக்குறிப்பில் மாரண்ணன் என்று முழுதாக எழுதினாள்.