காலித் தட்டின் எடை

மஞ்சக்குட்டை காப்பி எஸ்டேட்டுக்கு எலெக்ட்ரானிக் தராசு செய்துகொடுத்த லோகநாதன் அதைப் பழுதுபார்க்க மறுபடி அங்கே வந்தார். பிசகு அவருடையதுதான். எடையை எண்ணாக மாற்றும் சிப்பில் கிரவுண்டு வயருக்குப் பற்றவைத்த ஈயம் பிடிக்கவில்லை. அது தெரியாமல் போன வாரம் எடை கூடக் காட்டியபோது, காப்பிப்பழ மூட்டையோடு தன் காலையும் தட்டில் வைத்து அழுத்தினாள் என்று பழம் பறிக்கும் பாவாயியைத் திட்டி, எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றி நிறுத்தியிருந்தார். அதன்பின் அவள் வேலைக்கு வரவில்லை.

வயரைப் பற்றவைத்தார். இனி பூஜ்யம் வரவேண்டும். காலித் தட்டு நாற்பத்தொரு கிலோ காட்டியது. சென்சாரையே கழற்றிப் பார்த்தார். நாற்பத்தொன்று.

"அது பாவாயக்கா எடைங்க சார்," என்றாள் பழ மூட்டையோடு பின்னால் நின்ற ராசாத்தி. "அன்னிக்கும் இதேதானுங்க காட்டுச்சு."

லோகநாதனால் தலை நிமிர முடியவில்லை. "இறங்கிக்கோங்கம்மா," என்றார் மெல்ல, வெறும் தட்டைப் பார்த்து.

எண் இறங்கவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது என்று ஆடியது, வெகுநேரம் நிற்கவைக்கப்பட்டவர் கால் மாற்றி நிற்பதுபோல.