சோப்புத் தண்ணீர்

மூன்று வருடத்துக்கு முன்பு, மருந்து கோரையில் நன்றாக ஒட்டட்டும் என்று களைக்கொல்லியில் சோப்புத்தூளைக் கலந்து அடித்தான் தவசி. கோரை செத்தது; அதோடு அந்த வயலில் வேறெதுவும் தேறவில்லை. மண்ணில் ஒட்டிய விஷத்தையும் சோப்புத் தண்ணீரே கழுவிவிடும் என்று யாரோ சொல்ல, இந்தச் சித்திரை முழுக்க நுரை நுரையாகப் பாய்ச்சினான்.

அவன் மனைவி சீனியம்மாள் இரண்டு டப்பாவில் பயறு ஊன்றிப் பார்த்தாள். ஒன்றில் தங்கள் மண். மற்றதில் பக்கத்து வயல் ராசகிளியிடம் கேட்டு வாங்கிய மண். பத்தாம் நாள் இரண்டு டப்பாவிலும் முளைகள் வெளுத்துத் தலைசாய்ந்தன.

"அவ மண்ணுக்கு என்ன கேடு? அவதான் மருந்தே அடிக்க மாட்டாளே!" என்றான் தவசி.

"மண்ணுதான் அவளோடது. ஊத்துன தண்ணி நம்ம கெணத்துது."

தவசி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஒட்டுறதுக்கு ஒரு சோப்பு, ஓடுறதுக்கு ஒரு சோப்பு! ஓடுனது எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்றாள் சீனியம்மாள்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, இன்று ராசகிளியின் முறை. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றபடி அவள் கூவினாள்.

"மதினி, எம் மண்ணுல பயறு மொளச்சிருச்சா?"

சீனியம்மாள் டப்பாவை முந்தானையால் மூடினாள்.

"மொளச்சிருச்சு தாயி."