இடது கால் சாக்ஸ்

பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

அவன் தண்ணீர் குடித்தான்.

சோரின் அடித்த பெனால்டியை எதிரணி கீப்பர் டில்லிபாபு பிடித்துவிட்டான். தட்டிவிடவில்லை. பிடித்தே விட்டான். பந்து கிளம்பும்போதே வலது பக்கம் பாய்ந்திருந்தான்.

நாற்பதாவது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நாலரை மணி வெயில்.

சோரின் இடுப்பில் கை வைத்து நின்றான். முப்பத்தாறு வயது. உச்சியில் சொட்டை, வெயிலில் சிவந்து போயிருந்தது. பெஞ்சிலிருந்து பார்க்க அவனுக்கு நன்றாக இருந்தது.

மூன்று வருடம் ஒன்பதாம் நம்பர் ஜெர்சி அவனுடையதாக இருந்தது. போன ஆகஸ்டில் ருமேனியாக்காரன் சோரின் வந்தான். பழைய ஜெர்சியைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் அவன் உட்காரும் இடத்தில் புதிதாக ஒன்று மடித்து வைத்திருந்தது. பிரித்தான். இருபத்தேழு.

மேட்ச் முடிந்ததும் வியாசர்பாடியிலிருந்து அம்மா போன் செய்வாள். முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"அந்த வெள்ளக்காரரு கோல் போட்டாராப்பா?"

போட்டார். இந்த சீசனில் பதினான்கு.

முதல் வாரமே யாரோ சோரினுக்கு 'தம்பி' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எல்லோரும் தம்பிதான். ஐம்பத்தெட்டு வயது கோச்சும் தம்பி. கோச் சிரித்துக்கொண்டே திரும்புவார். மூன்று வருடத்தில் தன்னைப் பார்த்து கோச் அப்படிச் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சோரினை அவனளவுக்குத் தெரிந்தவர் கிளப்பில் கிடையாது. போனில் எல்லாம் இருந்தது. நிலக்கரி தோண்டும் ஊர். பதினாறு வயதில் முதல் கோல். சுரங்கத்திலிருந்து குளிக்காமல் அப்படியே மைதானத்துக்கு வந்து நிற்கும் அப்பாவின் போட்டோ. பிறகு புக்கரெஸ்ட். நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம், பதினோரு நிமிடம். துருக்கி. முழங்காலில் ஆபரேஷன் கத்தி. சைப்ரஸ். மறுபடி கத்தி.

கடைசியாக சென்னை.

கோல்களை விட அந்தப் பதினோரு நிமிடம்தான் அவனை அறுத்தது.

மற்றவர்கள் வீடியோவில் கோல்களைப் பார்த்தார்கள். அவன் பெனால்டிகளைப் பார்த்தான். மொத்தம் முப்பத்தொன்று. பஸ்ஸில் பார்த்தான். கழிவறையில் பார்த்தான்.

நான்கு சின்ன அடிகள். கடைசிக்கு முந்தியதில் ஒரு தயக்கம். ஓடுவதற்கு முன்னால், சில தடவை மட்டும், குனிந்து இடது கால் சாக்ஸை ஒரு இழுப்பு.

இழுத்தால் பந்து கீப்பரின் வலது பக்கம் போகும். இழுக்காவிட்டால் இடது பக்கம். இருபது வருடமாக இது மாறவில்லை. சோரினுக்கே தெரிந்திருக்காது.

நம்பாமல் தானே அடித்துப் பார்த்தான். கார்ப்பரேஷன் ஸ்கூல் மைதானத்தில், தனியாக, சுவரைப் பார்த்து. குனிந்தான். இழுத்தான். நான்கு அடி. மூன்று வாரம் வேறு எதையும் அடிக்கவில்லை.

நேற்று டில்லிபாபுவை டீக்கடைக்குக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒரே தெருவில் செங்கல்லைக் கோல்போஸ்ட்டாக வைத்து ஆடி வளர்ந்தவர்கள்.

"சாக்ஸத் தொட்டான்னா உன் ரைட்டு. தொடலன்னா லெஃப்டு."

டில்லிபாபு கிளாஸைக் கீழே வைத்தான்.

"இன்னாடா, உன் டீம் ஆளையே போட்டுக் குடுக்குற?"

"டீ ஆறுது பாரு."

அடுத்த சீசனுக்கு ஒரு ஃபார்வர்டைத்தான் வைத்துக்கொள்வோம் என்று கிளப் சொல்லியிருந்தது. யாரை என்பதை இன்றைய ஆட்டத்துக்குப் பிறகு சொல்வார்கள்.

எழுபதாவது நிமிடம் கோச் அவனை உள்ளே இறக்கினார். சோரினை வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் நிறுத்தினார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் பெனால்டி பெட்டிக்குள் சோரினின் காலை வாரினார்கள்.

மறுபடி பெனால்டி.

சோரின் எழுந்திருக்க நேரமானது. எழுந்து பந்தை எடுத்தான். கேலரி சோரின், சோரின் என்று கத்தியது. நொண்டிக்கொண்டே நேராக இருபத்தேழாம் நம்பரிடம் வந்தான்.

"தம்பி."

பந்தை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். மீதியை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். அந்த கீப்பர் என்னைப் படித்திருக்கிறான். உன்னைப் படித்திருக்க மாட்டான்.

அவன் பந்தைப் புள்ளியில் வைத்தான். போட்டால் அடுத்த வருடம் ஒன்பதாம் நம்பர்.

பின்னால் நடந்தான். நின்றான்.

டில்லிபாபு கோட்டின் மேல் நின்றான். கீப்பரின் பார்வை அவன் முகத்தில் இல்லை. கீழே இருந்தது.

அவனும் கீழே பார்த்தான்.

எப்போது குனிந்தான் என்று தெரியவில்லை. விரல்கள் இடது கால் சாக்ஸைப் பிடித்திருந்தன. இழுத்தும் முடித்திருந்தன.

டில்லிபாபு சிரித்தான். தெருவில் சிரிக்கிற அதே சிரிப்பு. வலது பக்கம் லேசாகச் சாய்ந்தான்.

சாக்ஸை விட்டு அவன் நிமிர்ந்தான். சோரின் வருவதற்கு முன்னால், பெனால்டியைத் தான் எப்படி அடித்தான் என்று யோசித்துப் பார்த்தான்.

ஞாபகம் வரவில்லை.

விசில்.

நான்கு சின்ன அடிகள். கடைசிக்கு முந்தியதில் ஒரு தயக்கம்.